ஜப்பானிய பைக்குகளின் ஸ்டார் ஸ்க்ரூவுக்கு எந்தத் திருப்புளி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாஸாகி வண்டிகளைத் தாங்களே பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யமஹா ஆர்எக்ஸ்100, ஹீரோ ஹோண்டா சிடி100, ஓசூரில் தயாரான இண்ட்-சுசூகி என நம் ஊரில் ஓடிய வண்டிகளும் ஜப்பான் வடிவமைப்பில் வந்தவைதான். அதனால் இதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்டார் ஸ்க்ரூவுக்கு ஸ்டார் திருப்புளி. இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆர்எக்ஸ்100-இன் கிளட்ச் கவரைக் கழற்ற முதல்முறை உட்கார்ந்தபோது, வீட்டில் இருந்த ஸ்டார் திருப்புளியை வைத்து ஒரு திருகு திருகினேன். 'கிரிக்' என்று வழுக்கி வெளியே வந்தது. இன்னொரு முறை, இன்னும் பலமாக. மூன்றாவது முறை முடிந்தபோது கூட்டல் குறி போல இருந்த குழி, வட்டக் கிண்ணம் போல ஆகிவிட்டது. குழியின் ஓரத்தில் வெள்ளியாக ஒரு பிசிறு எழுந்து நின்றது. பக்கத்துத் தெருப் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பெரிய ஸ்டார் எடுக்கணும் தம்பி, இது சின்னது" என்றார்.

அவர் சொன்னதுதான் முதல் பாடம். இந்த ஸ்க்ரூக்கள் பாழாவதற்குப் பெரும்பாலும் காரணம் துருவும் இல்லை, நம் கைப்பலமும் இல்லை. முனையின் அளவும் வடிவமும் குழிக்குப் பொருந்தாததுதான் காரணம்.

பிலிப்ஸ் என்கிறார்கள், ஜே.ஐ.எஸ். என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பிலிப்ஸ் என்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸின் பெயர். பல்பு, ரேடியோ செய்த கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜே.பி. தாம்ஸன் என்பவரின் யோசனையை வாங்கி மேம்படுத்தி, 1936-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் இந்த ஸ்க்ரூவைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது பரவியது. முனை தானாகவே குழியின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அசெம்பிளி லைனில் காற்றழுத்தக் கருவியால் மளமளவென்று முடுக்கலாம். தொழிற்சாலைக்குப் பிடித்துப்போன காரணம் அதுதான்.

ஜே.ஐ.எஸ். என்பது ஜப்பானின் தொழில்துறைத் தரநிலை. கூட்டல் குழி ஸ்க்ரூவுக்கு ஜே.ஐ.எஸ். பி 1012 என்று ஒரு தரநிலையும், அதற்கான திருப்புளிக்கு பி 4633 என்று இன்னொன்றும் உண்டு. ஜப்பானியர்கள் இதை "பிளஸ்" என்றும், பட்டைத் திருப்புளியை "மைனஸ்" என்றும் சொல்கிறார்கள். அங்கே கடைக்குப் போய் "ஜே.ஐ.எஸ். திருப்புளி கொடுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. அங்கே விற்கும் பிளஸ் திருப்புளியே அந்த வடிவம்தான்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான்கு இறகுகள் இருக்கின்றன அல்லவா? இரண்டு இறகுகள் சேரும் உள்மூலை பிலிப்ஸ் முனையில் சற்று வளைந்து, சதைப்பிடிப்பாக இருக்கும். ஜப்பான் முனையில் அந்த மூலை நறுக்கென்று இருக்கும். ஜப்பான் ஸ்க்ரூவின் குழியில் பிலிப்ஸ் முனையை விட்டால், அடிவரை இறங்குவதற்குள் அந்தச் சதை குழியின் மூலையில் தட்டி நின்றுவிடும். முக்கால்வாசி ஆழத்தில் தொங்கிக்கொண்டு திருகும்போது, மொத்த விசையும் குழியின் மேல் விளிம்பில் விழுகிறது. விளிம்பு மழுங்குகிறது, முனை வெளியே வருகிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் நெருங்கிய உறவுதான். வேறு வேறு உலகம் இல்லை. நல்ல கம்பெனியின் பிலிப்ஸ் முனை ஒன்று, தேய்ந்துபோன ஜப்பான் முனையைவிட நன்றாக உட்காரலாம். கைப்பிடியில் எழுதியிருக்கும் பெயரை நம்புவதைவிட, ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

வைத்துப் பார்ப்பது என்றால் எப்படி?

முதலில் குழியைச் சுத்தம் செய்யுங்கள். என்ஜின் கவர் ஸ்க்ரூக்களில் இருபது வருட ஆயிலும் மண்ணும் சேர்ந்து கட்டியாகி, குழியின் பாதி ஆழத்தை அடைத்திருக்கும். கோணி ஊசியாலோ பழைய ஸ்போக் கம்பியைக் கூராக்கியோ நான்கு கைகளையும் சுரண்டி, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த கவராக இருந்தால் பெயிண்ட்டும் உள்ளே போயிருக்கும். அதையும் எடுக்க வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் எவ்வளவு நல்ல கருவி வாங்கியும் பயனில்லை.

அப்புறம் முனையை வைத்து, திருகாமல் லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. பக்கவாட்டில் பார்க்கும் ஸ்க்ரூவாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: முனையை அழுத்தி உட்காரவைத்துவிட்டுக் கையை மெதுவாக எடுங்கள். இலகுவான திருப்புளி, பொருந்திய முனை, நல்ல நிலையில் உள்ள குழி என்றால் அது கீழே விழாமல் அப்படியே நிற்கும். முதல்முறை அப்படி நின்றதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் எதைக் கொண்டு திருகிக்கொண்டிருந்தோம் என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

நம்பர் எதற்கு எது?

பைக்கில் உங்களுக்குத் தேவைப்படுவது 1, 2, 3 ஆகிய மூன்று நம்பர்கள்தான். ஜப்பான் முறையில் 3 முதல் 5 மி.மீ. மரை உள்ள ஸ்க்ரூக்களுக்கு 2-ஆம் நம்பர், 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3-ஆம் நம்பர். அதைவிடச் சிறியவற்றுக்கு 1. அதாவது கார்புரேட்டர், சுவிட்ச், லைட் கண்ணாடி, பிரேக் ஆயில் டப்பா மூடி போன்றவை பெரும்பாலும் 2. என்ஜின் பக்கக் கவர்கள் 3.

3-ஆம் நம்பர் திருப்புளி பல வீடுகளில் இருக்கவே இருக்காது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளி பெரும்பாலும் 2. அது 3-ஆம் நம்பர் குழிக்குள்ளும் போகும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும். அங்கேதான் ஏமாறுகிறோம். நான் பார்த்த பாழான கிராங்க் கேஸ் (என்ஜினின் வெளிக்கூடு) ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை, பிலிப்ஸா ஜப்பானா என்ற பிரச்சினைக்கே போகாமல், 2-ஐ வைத்து 3-ஐத் திருகியதில் போனவை. அடையாளம் சுலபம்: 2-ஆம் நம்பரின் கம்பி வழக்கமாக 6 மி.மீ. தடிமன், 3-ஆம் நம்பரின் கம்பி 8 மி.மீ. ஒரே ஒரு திருப்புளி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் 3-ஐ வாங்குங்கள்.

சில ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளிக் குழி இருக்கிறதே, அது ஜே.ஐ.எஸ். அடையாளமா?

இணையத்தில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அந்தப் புள்ளி மரையைப் பற்றியது. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பான் தன் பழைய மரை அளவிலிருந்து சர்வதேச ஐ.எஸ்.ஓ. மரைக்கு மாறியது. பழைய முறையில் 4 மி.மீ. ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.75 மி.மீ., புதியதில் 0.7. 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 0.9 இருந்தது 0.8 ஆனது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், புதிய மரை ஸ்க்ரூவின் தலையில் ஒரு புள்ளி வைத்துப் பிரித்துக் காட்டினார்கள்.

எனவே புள்ளி இருந்தால் அது ஜப்பான் ஸ்க்ரூ என்று தைரியமாக ஜப்பான் முனையை எடுக்கலாம். புள்ளி இல்லை என்பதால் பிலிப்ஸ் என்று முடிவுகட்டக் கூடாது. 1960-களின் ஹோண்டா ஒன்றைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் இந்த மரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழைய மரைக்குள் புதிய 5 மி.மீ. ஸ்க்ரூவை விட்டால் இரண்டு சுற்று போய் இறுகும். அதற்கு மேல் திருகினால் அலுமினிய மரை போய்விடும். 6 மி.மீ.-க்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டிலும் இடைவெளி 1.0 தான்.

கடையில் பிஇசட் என்று போட்ட ஸ்டார் முனை இருக்கிறது. அது?

அது போஸிட்ரைவ். முனையின் நான்கு இறகுகளுக்கு நடுவில் மெலிதாக இன்னும் நான்கு கோடுகள் இருக்கும். மரவேலை ஸ்க்ரூக்களில் அதிகம் வரும். பைக்கில் கைவைக்க வேண்டாம்.

எந்த பிராண்டு வாங்கலாம்?

ஓசாகாவின் வெஸ்ஸல், கியோட்டோவின் கேடிசி, மேலும் ஆனெக்ஸ், ஹோசான், கோக்கென் ஆகியவை ஜப்பானில் நம்பி வாங்கப்படும் பெயர்கள். நான் வைத்திருப்பது வெஸ்ஸல். மரக் கைப்பிடியும் கம்பி கடைசிவரை ஊடுருவிப் போகும் வகையும் எனக்குப் பிடிக்கும். அந்த வகையைப் பின்பக்கம் சுத்தியலால் தட்டலாம். கைப்பிடிக்குக் கீழே அறுகோணமாகத் தடித்த பகுதி இருந்தால் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பவும் முடியும். இணையத்தில் வாங்கும்போது போலிகளும் வருகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வண்டியோடு இருக்கைக்கு அடியில் வந்த பழைய கருவிப் பை இன்னும் இருக்கிறதா? அதிலுள்ள, முனையைத் திருப்பிப் போடும் திருப்புளியைத் தூக்கிப் போடாதீர்கள். கைப்பிடி கேவலமாக இருந்தாலும் முனை அந்த ஸ்க்ரூவுக்காகவே செய்தது.

இருக்கும் பிலிப்ஸ் முனையைத் தேய்த்து ஜப்பான் முனை ஆக்கலாமா?

நுனியை அரை மில்லிமீட்டர் அளவு தேய்த்தால் சில ஸ்க்ரூக்களில் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அவசரத்துக்குச் செய்யலாம். கிரைண்டரில் பிடிக்கும்போது இரும்பு நீலமாக மாறினால் அதன் உறுதி போய்விட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். உள்மூலையின் சதை அப்படியேதான் இருக்கும் என்பதால் முழுத் தீர்வு இல்லை.

சரியான திருப்புளி வாங்கிவிட்டேன். இன்னும் வழுக்குகிறது. ஏன்?

திருகும் பலம் அதிகம், அழுத்தும் பலம் குறைவு. கூட்டல் குழியின் சுவர்கள் சரிவானவை. திருகும் விசையில் ஒரு பங்கு முனையை மேலே தள்ளும். அதை எதிர்க்க வேண்டியது உங்கள் உடல் எடை. ஜப்பானில் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: அழுத்துவதற்கு ஏழு பங்கு, திருகுவதற்கு மூன்று பங்கு. இறுகிப்போன ஸ்க்ரூ என்றால் ஒன்பதுக்கு ஒன்று.

வண்டியைச் சுவரோரமாக, நகராதபடி நிறுத்திக்கொள்ளுங்கள். திருப்புளியின் பின்பக்கம் உள்ளங்கைக் குழியில் உட்கார வேண்டும், முழங்கை நேர்கோட்டில் இருக்க வேண்டும், தோளால் தள்ள வேண்டும். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, கவர் என் மார்பு உயரத்துக்கு வரும்படி வைத்துக்கொள்வேன். குனிந்துகொண்டு மணிக்கட்டால் மட்டும் திருகினால் முனை சாய்ந்துவிடும், சாய்ந்தால் வழுக்கும்.

திருகுவதற்கு முன் திருப்புளியை வைத்து, பின்பக்கம் சுத்தியலால் இரண்டு நல்ல தட்டு தட்டுங்கள். தலைக்கும் கவருக்கும் இடையே இருபது வருடமாக ஒட்டியிருக்கும் பிடி அதில் விடும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பாதி ஸ்க்ரூக்கள் இதிலேயே வந்துவிடுகின்றன.

முனையில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (சொரசொரப்பான தேய்ப்புப் பசை) ஒரு பொட்டு தொட்டு வைத்தால் பிடி கூடும். வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். என்ஜினுக்குள் அது போகவே கூடாது.

சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் அவசியமா?

என்ஜின் கவரைத் தொடப் போகிறீர்கள் என்றால் அவசியம் என்றே சொல்வேன். அடியை உள்ளே இருக்கும் சரிவுப் பாதை ஒரு சிறு சுழற்சியாக மாற்றுகிறது. இதன் அழகே, அதே அடி முனையைக் குழிக்குள் அழுத்தவும் செய்கிறது என்பதுதான். நம் தோளால் தர முடியாத அழுத்தமும் திருகலும் ஒரே கணத்தில் சேர்ந்து கிடைக்கின்றன.

செய்முறையில் பலர் விடும் ஒரு படி இருக்கிறது. முதலில் கழற்றும் திசைக்கு மாற்றுங்கள். முனையைக் குழியில் வைத்து, உடலைக் கையால் இடப்பக்கம் திருகி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, அந்த இறுக்கத்தைத் தளர்த்தாமல் அடிக்க வேண்டும். சும்மா வைத்து அடித்தால் சுழற்சி உள்ளேயே வீணாகும். கனமான சுத்தியலால் நேராக ஒரு அடி, பத்து செல்லத் தட்டுகளைவிட மேல். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு வரும் முனைகள் பெரும்பாலும் பிலிப்ஸ். அதே 8 மி.மீ. அறுகோண அடிப்பாகம் உள்ள ஜப்பான் 3-ஆம் நம்பர் முனையைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். திருப்புளி வடிவத்திலேயே இந்த வசதியோடு வெஸ்ஸலின் இம்பாக்டா வருகிறது; பின்னால் தட்டும்போது முனை 12 டிகிரி அளவு இடப்பக்கம் திரும்பும். கொஞ்சம் நெருக்கமான இடங்களுக்கு அது அருமை.

பேட்டரி இம்பாக்ட் மெஷினால் கழற்றலாமே?

அது வேகமாகச் சுழலும், குழிக்குள் அழுத்தாது. நன்கு பொருந்திய முனையும் பலமான அழுத்தமும் இருந்தால் வரும். இல்லையென்றால் ஒரே நொடியில் குழியைத் தின்றுவிடும். பழைய ஸ்க்ரூவுக்கு முதல் முயற்சியாக நான் எடுப்பதில்லை.

பிரேக் ஆயில் டப்பா மூடியின் இரண்டு ஸ்க்ரூ அசையவே மாட்டேன் என்கிறது.

ஜப்பான் வண்டிகளில் எல்லா ஊர்க்காரர்களும் திட்டும் இடம் இது. சேரும் காரணங்கள் மூன்று. இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்துக்குள் இருக்கிறது. ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து மரையில் அடைத்துக்கொள்ளும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. போதாததற்கு அந்த ஸ்க்ரூவின் தலை கூம்பு வடிவம். மூடியின் கூம்புக் குழியில் ஆப்பு அறைந்தது போல உட்கார்ந்துவிடுகிறது.

இங்கே இம்பாக்ட் டிரைவரால் ஓங்கி அடிக்கக் கூடாது. டப்பாவும் ஹேண்டில்பார் பிடியும் விரிசல் விடும். துரு நீக்கும் ஆயிலை விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் மரை கொஞ்சம் விலகும். பிறகு 2-ஆம் நம்பர் ஜப்பான் முனையை வைத்து, பின்னால் சிறு சுத்தியலால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே திருகுங்கள். பெட்ரோல் டேங்க்கின் மேல் தடித்த துணியைப் போர்த்துங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரிந்துவிடும்.

கார்புரேட்டரில் ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் ஸ்க்ரூக்கள் மென்மையானவை, தலையும் சிறியது. கார்புரேட்டரைக் கழற்றி, மேசையில் துணி விரித்து, மேலிருந்து நேராக அழுத்தித் திருகுங்கள். வண்டியில் இருக்கும்போதே கட்டைத் திருப்புளியை அடியில் நுழைத்துச் செய்தால் நேராக அழுத்த முடியாது. நெருப்பு வேண்டவே வேண்டாம். ஜெட்டுகள் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுகள்) பித்தளை, அவை பெரும்பாலும் மைனஸ் வகை, அதற்கு அளவான பட்டை முனை தேவை.

உள்ளே த்ராட்டில் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களை, காரணம் இல்லாமல் தொடாதீர்கள். அவை கழன்றுவிடாதபடி பின்முனையைத் தட்டி விரித்திருப்பார்கள். வலுக்கட்டாயமாகத் திருகினால் உடையும், மரையையும் கிழிக்கும்.

குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்ற ஆசைதான் அதை இன்னும் கெடுக்கிறது.

தலை வெளியே தெரியும்படி நிற்கும் ஸ்க்ரூ என்றால், ஓசாகாவின் எஞ்சினியர் கம்பெனி செய்யும் நெஜிஸாரஸ் என்ற குறடு கைகொடுக்கும். அதன் வாய்க்குள் நெடுக்குவாட்டில் பற்கள் இருப்பதால் தலையை நேர் எதிராகக் கவ்விச் சுழற்றலாம். அது இல்லையென்றால் உருண்டை முனை உள்ள சுத்தியலால் தலையின் மேல் தட்டி, விரிந்த உலோகத்தை மறுபடி குழிக்குள் ஒதுக்குங்கள். பிறகு ஜப்பான் முனையை அதே குழியில் சுத்தியலால் அறைந்து இறக்கி, இம்பாக்ட் டிரைவரால் ஒரு அடி. என் கிளட்ச் கவரில் மாட்டியது கடைசியில் இப்படித்தான் வந்தது. தலையின் ஓரத்தில் கூரான உளியை வைத்து, கழலும் திசையில் சாய்வாகத் தட்டுவது நம் பட்டறைகளின் பழைய வழி. கவரில் கீறல் விழாமல் செய்யக் கைப்பழக்கம் வேண்டும்.

எதற்கும் வரவில்லையா? 6 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 6 மி.மீ. துளைப்பானால் தலையின் நடுவில் நேராகத் துளையிடுங்கள். தலை மட்டும் மோதிரம்போலத் துண்டாகி வந்துவிடும். மற்ற ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கவரை எடுத்ததும், மிச்சமிருக்கும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலையின் இறுக்கம் போய்விட்டதால், பூட்டுக் குறடால் பிடித்தால் பல சமயம் எளிதாகவே திரும்பும். பயப்பட வேண்டாத வழி இது. உடைந்த ஸ்க்ரூவை எடுக்கும் இடக்கை மரை எக்ஸ்ட்ராக்டர்தான் பயப்பட வேண்டியது. அது உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைப்பான் அதைத் தொடாது.

திரும்ப மாட்டும்போது ஆலன் போல்ட்டாக மாற்றிவிடலாமா?

தாராளமாக. ஆலன் போல்ட் என்பது தலையில் அறுகோணக் குழி உள்ளது. கவர் கேஸ்கெட்டை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு அது நிம்மதி. 1980-களில் ஜப்பான் கம்பெனிகளே என்ஜின் கவர்களுக்கு 8 மி.மீ. ஸ்பேனர் போடும் அறுகோண போல்ட்டுகளுக்கு நகர்ந்தன. நீளத்தை மட்டும் கலக்காதீர்கள். ஒரே கவரில் இரண்டு மூன்று நீளம் இருக்கும். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டால் கேஸ் உடையும்.

ஆலன் கீ நீளமாக இருப்பதால் அளவுக்கு மேல் முடுக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஹோண்டாவின் பொது அட்டவணையில் 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 9 நியூட்டன் மீட்டர், 5 மி.மீ.-க்கு 4 தான். கை உணர்வில் சொன்னால், கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து முடுக்கினாலே போதும். மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் துளி தடவினால் அடுத்த முறை சண்டை இருக்காது. பசை தடவினால் முடுக்கத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அசல் தோற்றம் வேண்டும் என்று ஸ்டார் ஸ்க்ரூவையே போடுகிறவர்களின் ஆசையும் எனக்குப் புரிகிறது. என் ஆர்எக்ஸ்100-இல் நானும் அதைத்தான் செய்தேன். புது ஸ்க்ரூ போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

திருப்புளியை எப்போது மாற்ற வேண்டும்?

இறகுகளின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கினால், அல்லது ஓரம் பளபளவென்று உருண்டு தெரிந்தால், அது முடிந்தது. என்ஜின் பக்கம் கொண்டுபோகாமல், பெயிண்ட் டப்பா மூடி திறக்க வைத்துக்கொள்ளுங்கள்.